கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட 1968 கொலுப் படம்: நீர் படாமல் பிரிக்க முடியுமா?

கையால் வண்ணம் தீட்டிய கருப்பு வெள்ளைப் படம், 6×8 அங்குலம். கொலுப்படி முன்னால் பட்டுப்பாவாடையில் இரண்டு குழந்தைகள். பாவாடைகளுக்கு மட்டும் ஸ்டுடியோவில் சிவப்பும் பச்சையும் ஏற்றியிருக்கிறார்கள். இடைவெளி விடும் மவுண்ட் அட்டை வைக்காமல் கண்ணாடியை நேராகப் படத்தின் மேல் வைத்துச் சட்டம் போட்டதுதான் வினை. இடம் கும்பகோணம். ஈரச் சுவர், நவம்பர் மழை. படத்தின் மேல்பூச்சான ஜெலட்டின் இளகி, காய்ந்தபோது பாதிப் படம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது.

12×16 அளவில் பிரதி எடுத்து ஹாலில் மாட்ட வேண்டும். அசல் இனி வெளிச்சத்துக்கு வரக் கூடாது.

கண்ணாடியோடு சேர்த்தே கேனான் லைட் (LiDE) 300 ஸ்கேனரில் 600 டிபிஐ வைத்து ஸ்கேன் செய்தால் மங்கல்தான். அந்த வகை ஸ்கேனருக்கு 2 மி.மீ. கண்ணாடியைத் தாண்டிக் கூர்மை கிடைக்காது. இருபுறமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து, கேமராவைக் கறுப்புத் துணியால் மறைத்து எடுத்ததில் கூர்மை வந்தது. ஆனால் ஒட்டிய இடம் கருமையாகவும் ஒட்டாத இடம் வெளிறியும் விழுகிறது. அந்த எல்லைக்கோடு சின்னவளின் முகத்தின் குறுக்கே ஓடுகிறது. கணினியில் திருத்தினால் முகமே வேறாகிவிடுகிறது.

சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் 5 நாள் வைத்ததில் ஓரம் அரை செ.மீ. விட்டுக்கொடுத்தது. பல் இடுக்கு நூலை நுழைத்ததும் மேல்படலம் உரியத் தொடங்கியது, நிறுத்திவிட்டேன். தண்ணீரில் ஊறவைப்பதுதான் வழக்கமான வழி. ஆனால் ஈரப் பஞ்சால் பாவாடை ஓரத்தைத் தொட்டதுமே சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. சூடு காட்டவில்லை, காட்டவும் மாட்டேன்.

வண்ணம் கரையாமல் இப்படிப்பட்ட படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரித்தவர்கள் யாராவது உண்டா, எந்த முறையில் செய்தீர்கள்?