கனடாவிலிருந்து சி.பி.டி. எண்ணெய்: மகளின் வலிப்புக்குக் கொண்டுவரலாமா?

மதுரைத் தந்தை (கேள்வி):
எங்கள் மகளுக்கு ஒன்பது வயது, எடை 24 கிலோ. லெனாக்ஸ்-கேஸ்டோ வகை வலிப்பு என்று நரம்பியல் மருத்துவர் உறுதி செய்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வால்ப்ரோயேட்டும் குளோபசாமும் வேளை தவறாமல் கொடுத்தும், நின்றபடியே சரிந்து விழுவது குறையவில்லை. சாப்பிட உட்காரும்போதுகூட ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை. போன மாதம் தலைவாருவதற்காகக் கழற்றிய இரண்டு நிமிடத்தில் திண்ணை விளிம்பில் மோதி நெற்றியில் ஐந்து தையல். டொரன்டோவில் இருக்கும் என் மைத்துனர் பொங்கலுக்கு வரும்போது, அங்கே கடையில் வெளிப்படையாக விற்கும் கஞ்சா எண்ணெயை வாங்கி வருவதாகச் சொல்லிப் புட்டியின் படத்தை அனுப்பியிருக்கிறார். 30 மில்லி, ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் சி.பி.டி., 1 மில்லிகிராம் டி.எச்.சி. என்று அச்சிட்டிருக்கிறது. இது பயன் தருமா, கொண்டுவருவது சட்டப்படி சரியா? கஞ்சா என்ற சொல்லை எடுத்தாலே மருத்துவர் எங்களைத் தவறாக நினைத்துவிடுவாரோ என்று மனைவி அஞ்சுகிறாள்.

மருந்தியல் ஆசிரியர் (பணி நிறைவு):
ஐயா, உங்கள் மைத்துனர் சொல்வது வெறும் வதந்தி அன்று. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்துத் தூய்மையாக்கிய சி.பி.டி. (கன்னாபிடியால்) மருந்தான எபிடியோலெக்ஸுக்கு அமெரிக்க மருந்து ஆணையம் 2018 ஜூனில் ஒப்புதல் அளித்தது; உங்கள் மகளுக்கு உள்ள அதே வலிப்பு அந்த ஒப்புதலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. 225 பேரிடம் நடந்த ஆய்வில், கிலோவுக்கு 10 மில்லிகிராம் பெற்றவர்களிடம் விழும் வலிப்பு ஏறத்தாழ 37 விழுக்காடும், வெற்று மருந்து பெற்றவர்களிடம் 17 விழுக்காடும் குறைந்தன. முழுக் குணம் இல்லை என்றாலும், நாள்தோறும் விழும் குழந்தைக்கு இது சிறிய மாற்றம் அன்று.

ஆனால் படத்தில் உள்ள புட்டி அந்த மருந்து அன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24 கிலோவுக்கு நாளொன்றுக்கு 240 மில்லிகிராம் சி.பி.டி. வேண்டும். அதற்கு இந்த எண்ணெயில் 12 மில்லி கொடுக்க வேண்டும். புட்டி இரண்டரை நாளில் தீர்ந்துவிடும். அத்துடன் போதை தரும் டி.எச்.சி. தினமும் 12 மில்லிகிராம் ஒன்பது வயதுக் குழந்தையின் உடலில் சேரும். நீங்களாகவே பத்துச் சொட்டு என்று குறைத்துக் கொடுத்தால், ஆய்வில் பயன் தந்த அளவை எட்டவே முடியாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது மற்றொன்று. சி.பி.டி. சேர்ந்தால் குளோபசாமின் செயல்படு பொருள் இரத்தத்தில் பல மடங்கு கூடிக் குழந்தை தூங்கி வழியும். வால்ப்ரோயேட்டுடன் சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் உயரக்கூடும். உங்கள் மகள் இரண்டையும் எடுத்துக்கொள்கிறாள். ஆகவே மருத்துவருக்குத் தெரியாமல் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். அவரிடம் 'கன்னாபிடியால்' என்றே சொல்லிக் கேளுங்கள். வலிப்பு மருத்துவர்களுக்கு அது பழகிய மருந்துப் பெயர்.

வழக்குரைஞர், சென்னை:
சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவின் பிசினையும் பூக்கும் நுனிகளையும் அவற்றின் கலவைகளையும் தடை செய்கிறது, டி.எச்.சி. தனியாகவும் மனமயக்கப் பொருள்களின் அட்டவணையில் இருக்கிறது. மருத்துவப் பயன்பாட்டுக்கு 8-ஆம் பிரிவில் விலக்கு உண்டு என்றாலும், அது விதிகளின்படி உரிமமும் அனுமதியும் பெற்றவர்களுக்கே பொருந்தும். பெட்டியில் புட்டி வைத்துக்கொண்டு இறங்கும் உறவினருக்குப் பொருந்தாது. அளவு சிறியதாக இருந்தாலும் ஓராண்டு வரை சிறை உண்டு. 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்புவதும் எளிதன்று, ஏனெனில் 35-ஆம் பிரிவின்படி குற்றமனம் இருந்ததாகவே நீதிமன்றம் முதலில் கொள்ளும், இல்லை என்று மெய்ப்பிப்பது குற்றஞ்சாட்டப்பட்டவரின் பொறுப்பு. கனடாவிலும், உள்நாட்டில் 2018 முதல் விற்பனை சட்டப்படியானது என்றாலும், சி.பி.டி. எண்ணெயைக்கூட எல்லை தாண்டி எடுத்துச் செல்வது குற்றமே. ஐ.நா. 2020-இல் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியதையும், இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்ததையும் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். நம் உள்நாட்டுச் சட்டம் அதனால் மாறிவிடவில்லை.

ஒரு தாய், கோவை:
இணையத்தில் 'விஜயா' என்ற பெயரில் ஆயுர்வேத எண்ணெய் இந்தியாவிலேயே விற்கிறார்களே, அது சட்டத்துக்கு உட்பட்டதுதானே?

வழக்குரைஞர், சென்னை:
அம்மா, 'விஜயா' என்பதும் கஞ்சாவே; ஆனால் பூ நுனி கலவாத அதன் இலை போதைப்பொருள் சட்டத்தின் வரையறைக்குள் வருவதில்லை. உரிமம் பெற்ற ஆயுர்வேதத் தயாரிப்பாளர்கள் அந்த வழியில்தான் செய்கிறார்கள். ஆனால் அது மருந்து விதிகளின் இ(1) நஞ்சுப் பட்டியலில் உள்ள பொருள். மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்று புட்டியிலேயே எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும். இலையிலும் டி.எச்.சி. உண்டு என்பதால், மேலே ஆசிரியர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

மதுரைத் தந்தை:
அனைவருக்கும் நன்றி. எதையும் வாங்க வேண்டாம் என்று மைத்துனருக்கு நேற்றிரவே சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். தினமும் எத்தனை முறை விழுகிறாள் என்று மனைவி நாட்காட்டியில் குறித்துவரும் மூன்று மாதக் கணக்கையும், 'கன்னாபிடியால், குளோபசாம் அளவு, கல்லீரல் பரிசோதனை' என்று எழுதிய தாளையும் கையோடு எடுத்துச் செல்கிறோம்.