அயல் தரவுக்கு வகைச் சோதனையா, திணை காணலா?

வணக்கம். எஸ்பிசிஎல்ங்கிற லிஸ்ப் மொழி கம்பைலரோட கையேட்டுல சி மொழி டேட்டாவைப் பத்தின அத்தியாயம் மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுக்கணும். சி டேட்டாவை அங்க 'ஏலியன்'னு சொல்றாங்க. அதோட டைப் செக்கிங்குக்கு (வகை பொருந்துதான்னு பார்க்கிறதுக்கு) இப்போதைக்கு 'அந்நியத் தரவு வகைச் சோதனை'ன்னு வச்சிருக்கேன். சரியா?

-----

அந்நியம் வடசொல்லுங்க, அயல்னு போடுங்க. வேற்றுன்னு போட்டா வேற்றுமைன்னு நினைச்சு ஐ, ஆல், கு தேடுவாங்க. டைப்புக்கு திணை இருக்கும்போது வகை எதுக்கு? தொல்காப்பியத்துல கிளவியாக்கம்ங்கிற இயல் பூரா டைப் செக்கிங்தானே, 'அவன் வந்தது'ன்னா திணை வழு, பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்'னா நன்னூல் கணக்குல உவப்பினால வந்த வழுவமைதி, அதாவது ஏத்துக்கிட்ட பிழை, ஒரு வகையை இன்னொண்ணா எடுத்துக்கிற உங்க காஸ்டிங் வேற என்னவாம்?

-----

> உங்க காஸ்டிங் வேற என்னவாம்?

ஐயா, உவப்புக்கெல்லாம் கம்பைலர் மசியாது, நினைவகப் பிழை, செக்ஃபால்ட்தான் வரும் :-) திணைன்னா பசங்க குறிஞ்சி முல்லைக்குப் போயிடுவாங்க, வழுவை பக்குக்குக் கொடுத்து வருஷக்கணக்காச்சு.

எனக்கு உறுத்துறது 'சோதனை'தான். லிஸ்ப் மதிப்பு எதுவும் தன் வகையைத் தானே சொல்லிடும், எஸ்பிசிஎல்ல கடைசி சில பிட்டுல டேக், அதாவது வகை அடையாளம் இருக்கும். சி பக்கம் வெறும் பைட்டு, டேக்கே கிடையாது. 8 பைட்டு தள்ளி ஒரு இன்ட் (முழு எண்) இருக்குன்னு நாம டிக்ளேர் பண்ணினா கம்பைலர் அதை நம்பி எடுத்துக்கும், அங்க ஃப்ளோட் (தசம எண்) கிடந்தாலும் அதுக்குத் தெரியாது. வகை கம்பைல் நேரத்துலயே தெரிஞ்சா நேரா மெஷின் கோடு, தெரியலைன்னா ஓடும்போது வகை விவரத்தைப் பார்த்துப் பார்த்து மெதுவா போகும். ரெண்டுலயும் பார்க்கிறது நம்ம டிக்ளரேஷன் ஒத்துப்போகுதான்னுதான், தரவை இல்ல. எழுவாயும் பயனிலையும் இயையுதான்னு பார்க்கிற மாதிரி. அதனால 'அயல்வகை இயைபு'ன்னு போடலாம்.

-----

இயைபுன்னா அடிக்கடைசி ஒன்றி வர்ற தொடையாச்சே? டேக்கும் கடைசி பிட்டுலதான் இருக்குன்னு சமாதானம் சொல்லாதீங்க, சி பக்கம் அதுவும் இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. படிக்கிறவனுக்குப் புரியணும்னா 'டைப் செக்'னே விடலாம், ஒண்ணும் குடி முழுகிடாது.

-----

டைப் செக்னு விட்டா எடிட்டர் திருப்பி அனுப்பிடுவார். தனி மடல்ல சொன்னவங்களையும் சேர்த்து 'அயல்தரவு வகைச் சரிபார்ப்பு'க்குத்தான் ஆள் அதிகம், அதையே போட்டுடுறேன். இயைபு விளக்கத்தை அடிக்குறிப்புல சேர்த்துக்கறேன், நன்றி.

-----

சரிபார்ப்பும் சோதனையும் ஒண்ணுதானே, தரவைத் திறந்து பார்க்கிற மாதிரிதான் இன்னமும் இருக்கு. போடுங்க, எனக்கு உடன்பாடில்லைன்னு மட்டும் பதிஞ்சு வைக்கிறேன். அப்புறம், 'அயல்தரவு'ல த் வராதா?