புரொஜெக்டரில் மட்டும் எழுத்து ஏன் மங்குகிறது?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் கல்லடி. அம்மம்மாவின் 80ஆவது பிறந்தநாளுக்குப் பழைய படங்களைச் சேர்த்து ஒரு வீடியோ செய்கிறேன், வாற சனிக்கிழமை களுவாஞ்சிக்குடி மண்டபத்தில் போட வேண்டும். 1920×1080 பிக்சலில் (அகலம் × உயரம், அதாவது 16:9 விகிதம்) செய்தது. என்னுடைய 6.5 அங்குல போனில் அவ்வளவு துல்லியம், வீட்டு 32 அங்குல டிவியிலும் நல்லாத்தான் இருக்கு, ஆனால் நேற்று வாடகைப் புரொஜெக்டரில் போட்டுப் பார்த்தால் 'மட்டக்களப்பு' என்ற சொல்லில் புள்ளிகளையே காணவில்லை, அம்மம்மாவின் முகம் வேறு ஒடுங்கி நீண்டு தெரியுது. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

புரொஜெக்டர் பெட்டியில் 1080பி (அதாவது 1920×1080) சப்போர்ட் என்று பெரிதாகப் போட்டிருக்கு, கையேட்டில் பார்த்தால் அதன் சொந்த ரெசல்யூஷன், அதாவது அது உண்மையில் காட்டுகிற பிக்சல் அளவு, 1024×768 (4:3 விகிதம்) தான். அப்போ 16:9 படத்தை 4:3க்குள் அமுக்குது, சரிதானே? போனில் அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட 400 பிக்சல், டிவியில் 69 தான், ஆனால் டிவியைத் தள்ளியிருந்து பார்ப்பதால் குறை தெரிவதில்லை என்று விளங்கிக்கொண்டேன்.

வீடியோவை 1024×768இலேயே திரும்பச் செய்வதா, இல்லை மேலும் கீழும் கறுப்புப் பட்டி விட்டு அப்படியே ஓட்டுவதா? எழுத்தை எவ்வளவு பெரிதாக்கலாம்? கனடாவில் இருக்கிற மாமாவுக்கும் இதே வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். செய்து பார்த்தவர்கள் வெள்ளிக்கு முன்னம் சொல்லித் தாங்க.