செடியெல்லாம் ஆக்சிஜன் குமிழி, மீனெல்லாம் மேலே: கார்பன் டை ஆக்சைடு அனுபவங்கள்

வேளச்சேரி தொட்டி:
செடி வளர மீன் தொட்டித் தண்ணீரில் சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு ஏற்றுகிறேன். கேஸைத் திறந்து மூடும் சோலினாய்டு, அதைப் பொடிக் குமிழியாக்கிக் கரைக்கும் டிஃப்யூசர், தண்ணீரில் கேஸ் எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் எல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூன்றடித் தொட்டி, முன்னால் மான்டி கார்லோ, பின்னால் ரொட்டாலா. ஒரு நாள் மதியம் வந்து பார்த்தால் செடிகள் அப்படி ஒரு பேர்லிங், ஒவ்வொரு இலை நுனியிலிருந்தும் குமிழி சரம் சரமாக ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தக் குமிழிகளுக்கு நடுவிலேயே ரம்மி நோஸ் மீன் கூட்டம் முழுக்க தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடுகிறது. மூக்குச் சிவப்பு சுத்தமாக வெளுத்துவிட்டது. டிராப் செக்கர் நல்ல பச்சை, அதாவது அளவு சரி என்கிறது. உடனே கேஸை மூடி, பாதித் தண்ணீரை மாற்றினேன், பெரும்பாலானவை பிழைத்தன. ஆனால் தண்ணீர் முழுக்க ஆக்சிஜன் கரைந்து, கரைய இடமில்லாமல் குமிழியாக வெளியே வருகிறது, அதற்குள் இருக்கும் மீன் மூச்சுக்குத் தவிக்கிறது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இப்படி யாராவது பார்த்திருக்கிறீர்களா?

கோவை ரொட்டாலா:
பார்த்திருக்கிறேன் சகோ, ஆனால் பகலில் இல்லை, ராத்திரியில். அப்போது சிலிண்டர் கிடையாது, சர்க்கரையும் ஈஸ்டும் போட்டுக் கேஸ் உண்டாக்கும் பாட்டில்தான். அதை ராத்திரி நிறுத்த முடியாதே, அது பாட்டுக்கு ஓடும். வெயில் காலம், புது பாட்டில், நுரைத்துக்கொண்டு ஓடியது. நடு ராத்திரி கரண்ட் போய் ஃபில்டர் நின்றுவிட்டது. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் அமானோ இறால் அத்தனையும் ஃபில்டர் குழாயைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு வெளியே ஏறி நிற்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக. இறால் தண்ணீரை விட்டு வெளியே வருகிறது என்றால் உள்ளே எப்படி இருந்திருக்கும்?
இருட்டில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடைத்தான் விடும். அதனால் விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கேஸ் நின்றுவிட வேண்டும். உங்களுக்கு நடந்தது டிராப் செக்கர் தாமதம்தான், வேறொன்றும் இல்லை. அது நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், நீங்கள் பார்த்த பச்சை பழைய பச்சை. ராத்திரி பகல் பார்க்காமல் காற்றுக் குமிழி விடும் ஒரு ஏர் ஸ்டோனைப் போட்டுவிடுங்கள், பிரச்சனை முடிந்தது.

பாசிப்பகைவன்:
கோவை நண்பர் சொல்வதில் பாதிதான் சரி. ஏர் ஸ்டோனைப் பகலிலும் ஓட்டினால் காசு கொடுத்து ஏற்றிய கேஸ் மேலே போய்விடும், அப்புறம் இன்னும் அதிகம் திறக்க வேண்டும். அளவு நாளுக்கு நாள் மாறினால் கரும்பாசி வரும், அதோடு நான் பட்ட பாடு தனிக்கதை.
வேளச்சேரி அண்ணா, டிராப் செக்கருக்குள் என்ன ஊற்றியிருக்கிறீர்கள்? அதுதான் கேள்வி. என் சித்தப்பா வீட்டில் இதே கதைதான் நடந்தது, கடைக்காரர் தொட்டித் தண்ணீரையே ஊற்றச் சொல்லியிருந்தார். போர் தண்ணீர், கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) 12. உள்ளே இருக்க வேண்டியது கேஹெச் 4 கரைசல். அதில் பிஹெச் 6.6க்கு இறங்கினால்தான் பச்சை, அப்போது கார்பன் டை ஆக்சைடு 30 பிபிஎம் (லிட்டருக்கு 30 மில்லிகிராம்). கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: கார்பன் டை ஆக்சைடு பிபிஎம் என்பது 3 பெருக்கல் கேஹெச் பெருக்கல் 10இன் அடுக்கு (7 கழித்தல் பிஹெச்). கேஹெச் 12 தண்ணீரில் அதே பச்சை வர வேண்டுமென்றால் 90 பிபிஎம் ஆகும்! நிறம் ஒன்றுதான், மீனுக்கு அது மூன்று மடங்கு.
ஆக்சிஜன் நிறைய இருந்தும் ஏன் தவித்தது என்று கேட்டீர்களே. மீன் தன் உடம்பில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடைச் செவுள் வழியாகத் தண்ணீரில் விட்டாக வேண்டும். வெளியே ஏற்கெனவே அதிகம் இருந்தால் விட முடியாது, ரத்தத்திலேயே தங்கி அதை அமிலமாக்கும். அமிலமான ரத்தம் ஆக்சிஜனைச் சரியாகப் பிடிக்காது. சுற்றிலும் எவ்வளவு இருந்தாலும் பிடிக்க முடியாத நிலை. பேர்லிங்கைப் பார்த்து மீன் நன்றாக இருக்கிறது என்று யாரும் முடிவு கட்டக் கூடாது.
நான் செய்வது இது. தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்து ஏற்றிய கேஸ் வெளியேற ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து பிஹெச் பார்ப்பேன். விளக்கு எரியும்போது தொட்டி பிஹெச் அதைவிட 1 குறைவாக இருந்தால் போதும். அளவை ஏற்றுவதென்றால் வீட்டில் இருக்கும் நாளில், கேஸ் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வை ஒரு முடி அளவு திருப்பிவிட்டு, டிராப் செக்கரைப் பார்க்காமல் மீனின் செவுள் அசைவைப் பார்ப்பேன். விளக்குக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு திறப்பது, ஃபில்டர் வாயை மேல் மட்டம் லேசாக அலையும்படி திருப்பி வைப்பது, இவ்வளவுதான். கேஸ் ஏற்றாமலே வளரும் வாலிஸ்னேரியா, அனுபியாஸ் செடிகளை மட்டும் வளர்ப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே வேண்டாம்.

திருச்சி இறால்:
எல்லாரும் அளவைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு நடந்தது சிலிண்டர் தீரும் நேரத்தில். சிலிண்டர் அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் சிங்கிள் ஸ்டேஜ் ரெகுலேட்டர். உள்ளே அழுத்தம் விழ விழ, வெளியே வரும் அழுத்தம் ஏறியது. பபிள் கவுண்டரில் எண்ண முடியாத வேகத்தில் குமிழி ஒரே கோடாக ஓடிய அந்தக் காட்சிதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. தொட்டியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கும் வரை அழுத்தமானி முள் அசையாது, இறங்க ஆரம்பித்தால் மாற்றிவிடு என்பார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது ஒத்துவராது, 31 டிகிரிக்கு மேல் சிலிண்டருக்குள் திரவமே இருக்காது, முள் பாட்டுக்கு இறங்கிக்கொண்டே வரும். நான் இப்போது தராசில் வைத்துத்தான் பார்க்கிறேன், காலி எடை சிலிண்டர் கழுத்திலேயே குத்தியிருக்கும்.

கோவை ரொட்டாலா:
ஏர் ஸ்டோன் விஷயத்தில் நான் சொன்னதையே சொல்கிறேன். கேஸ் செலவு கொஞ்சம் கூடுமே தவிர மீன் சாகாது. சிலிண்டரை ரொப்பக் காசு கொடுத்தால் போதும், செத்த மீன் திரும்பி வருமா?

வேளச்சேரி தொட்டி:
பாசிப்பகைவன் தம்பி, உள்ளே இருந்தது தொட்டித் தண்ணீர்தான், வாங்கிய இடத்தில் அப்படித்தான் சொன்னார்கள். கேஹெச் 4 கரைசல் வாங்கிவிட்டேன். ராத்திரிக்கு மட்டும் ஏர் ஸ்டோன், டைமரில். திருச்சி நண்பரே, அழுத்தத்தை இரண்டு படியாகக் குறைக்கும் டூயல் ஸ்டேஜ் ரெகுலேட்டருக்கு மாறினீர்களா, மாறிய பிறகு தீரும் நேரத்தில் எப்படி இருக்கிறது?