சங்குக் கடையில் இருந்துகொண்டே பிரெஞ்சு இலக்கணமும் சொற்களும் பயில்வது எப்படி?

கடற்கரைக் கடைக்காரன் (கன்னியாகுமரி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சங்கு, சிப்பிப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். மூன்று மாதங்களாகக் கைபேசிச் செயலி ஒன்றைக் கொண்டு பிரெஞ்சு பயின்று வருகிறேன். செயலியில் எல்லா விடையும் சரியாகத்தான் வருகிறது. ஆள் எதிரில் நிற்கும்போதுதான் நாக்கு எழும்ப மறுக்கிறது.

சென்ற வாரம் ஒரு பிரெஞ்சுத் தம்பதியர் சிப்பி மாலை ஒன்றை எடுத்து, 'செ கோம்பியேங்?' என்று விலை கேட்டார்கள். மாலையின் விலை 95 ரூபாய். நான் 'கத்ர்-வேங்' வரை சொல்லிவிட்டு அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த அம்மையார் 80 ரூபாயை எண்ணி என் கையில் வைத்துவிட்டார். திருத்திச் சொல்லக் கூச்சப்பட்டு, மீதிப் பதினைந்து ரூபாயை என் கையிலிருந்தே கல்லாவில் போட்டேன்.

எண்கள் மட்டுமல்ல, எந்தப் பொருளுக்கு ஆண்பாலின் 'லு', எந்தப் பொருளுக்குப் பெண்பாலின் 'லா' என்பதும், வினைச்சொல்லின் ஈறுகளும் மனத்தில் நிற்கவில்லை. ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்க முடியும். அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை (நாகர்கோவில்):

தம்பி, பால் பற்றிய குழப்பம் நம்மவர் எல்லோருக்கும் வருவதுதான். நமக்கு உயிரற்ற பொருள் எல்லாம் அஃறிணை. அவர்களுக்கோ அப்படி ஒரு வகையே கிடையாது, மேசையும் நாற்காலியும்கூடப் பெண்பால்தான். ஏன் என்று கேட்டுப் பயனில்லை. 'லு', 'லா' என்பதைச் சொல்லின் முதல் அசையாகவே பாவித்துக்கொள்ளுங்கள். நோட்டில் 'கோங்க் என்றால் சங்கு' என்று எழுதாமல், 'லா கோங்க்' என்றே எழுத வேண்டும். உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களில் இரண்டும் 'ல்' என்று சுருங்கிப் பாலை மறைத்துவிடும். அவற்றை மட்டும் 'யூன் இமாஜ்' (ஒரு படம்) என்பதுபோல, 'ஒரு' எனப் பொருள்படும் 'அங்' (ஆண்பால்), 'யூன்' (பெண்பால்) சேர்த்து மனனம் செய்யுங்கள்.

ஈற்றைப் பார்த்தும் ஓரளவு ஊகிக்கலாம். 'சியோங்' என முடிபவை பெரும்பாலும் பெண்பால். 'ஆஜ்' என முடிபவை பெரும்பாலும் ஆண்பால். உங்கள் கடைக்குள் இருக்கும் 'லு கொக்கியாஜ்', அதாவது சிப்பி, இந்த விதிக்குள் அடங்கும். கடைக்கு வெளியே இருக்கும் கடற்கரை அடங்காது. அது 'லா ப்ளாஜ்'. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்லிப் பழகினால் விதியும் விலக்கும் சேர்ந்தே மனத்தில் தங்கிவிடும்.

வினை ஈறுகளுக்கு இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. 'பேசுகிறேன்' என்று நாம் சொன்னாலே பேசுபவர் யாரென்று தெரிந்துவிடுகிறது, 'நான்' என்பது தேவைப்படுவதில்லை. பிரெஞ்சில் நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நால்வருக்கும் எழுத்தில் ஈறு மாறினாலும் காதில் விழுவது 'பார்ல்' என்ற ஒரே ஒலிதான். 'நாங்கள்' என்பதற்குப் 'பார்லோங்', 'நீங்கள்' என்பதற்குப் 'பார்லே'. ஆகவேதான் அங்கே எழுவாயை விடவே கூடாது. கடையில் நிற்கும் உங்களுக்கு முதலில் வேண்டியவை 'ஜு' என்னும் தன்மை ஒருமையும், 'வூ' என்னும் மரியாதைப் பன்மையும்தான். 'தூ' என்பது நம் 'நீ'. வாடிக்கையாளரிடம் அது வாயில் வந்துவிடக் கூடாது.

மேல்நிலை வகுப்பில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். ஆறு இடங்களுக்கும் உரிய ஈறுகளைப் பிழையில்லாமல் எழுதி நிறைய மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் பலருக்கு, ஒரு குவளைத் தண்ணீர் கேட்கத் தெரிந்ததில்லை. அதில் என் குற்றமும் உண்டு.

அரண்மனை வழிகாட்டி (தக்கலை):

டீச்சர் நோட்டில் எழுதச் சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். எண்களை நோட்டில் எழுதிப் படிக்கவே கூடாது. அவை காதுக்கும் நாக்குக்கும் உரியவை. அவர்கள் கணக்கில் 70 என்பது அறுபதும் பத்தும், 80 என்பது நான்கு இருபது, 95 என்பது நான்கு இருபதோடு பதினைந்து. ஆகையால் 'கத்ர்-வேங்' என்று நிறுத்தினால் விலை அங்கேயே முடிந்துவிட்டதாகத்தான் கேட்பவர் கொள்வார். 'கத்ர்-வேங்-கேன்ஸ்' என்று ஒரே மூச்சில் வர வேண்டும்.

எனக்குக் கைகொடுத்த பயிற்சி வண்டி எண் பலகைதான். நம் மாவட்டத்தில் நாகர்கோவில் பதிவு 74, மார்த்தாண்டம் பதிவு 75. இரண்டுமே பிரெஞ்சில் இடறும் எழுபதுகளில் இருப்பது நம் அதிர்ஷ்டம். பேருந்தில் போகும்போது எதிரே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் 'சுவசாந்த்-கத்தோர்ஸ்', 'சுவசாந்த்-கேன்ஸ்' என்று முணுமுணுத்துக்கொண்டே போவேன். பக்கத்து இருக்கைக்காரர்கள் செபம் சொல்வதாக நினைத்திருப்பார்கள். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் இருந்து வருபவர்கள் 70-க்குச் 'செப்தாந்த்' என்றும் 90-க்கு 'நோனாந்த்' என்றும் சொல்வார்கள். கேட்டால் திகைக்க வேண்டாம்.

'வேங்', 'கோங்' என்று எழுதுகிறோமே தவிர, அங்கே 'ங்' என்னும் மெய் கிடையாது; உயிரொலி மூக்கின் வழியாக வருகிறது, அவ்வளவுதான். பேச்சில் நாம் 'அவன் வந்தான்' என்னும்போது கடைசியில் நாக்கு மேலே ஒட்டாமல் மூக்கிலேயே முடிகிறதல்லவா, அதே வித்தைதான். ஆங்கில வழியாகப் பிரெஞ்சு கற்பவர்களைவிட இதில் நாம் ஒரு படி முன்னே நிற்கிறோம்.

தெல்ஃப் எழுதப் போகிறவள் (மார்த்தாண்டம்):

அண்ணா, படிப்புக்கு ஓர் எல்லை தேவை என்றால் 'தெல்ஃப்' என்னும் பிரெஞ்சு மொழித் திறன் தேர்வின் முதல் நிலையான ஏ1-ஐக் குறியாக வைத்துக்கொள்ளலாம். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்குக்கும் தலா 25 மதிப்பெண்கள். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. சான்றிதழ் காலாவதி ஆவதில்லை. நேரடி வகுப்பு வேண்டுமென்றால் திருவனந்தபுரத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ் என்னும் பிரெஞ்சு மொழிப் பயிற்சி நிலையம் இருக்கிறது.

கடற்கரைக் கடைக்காரன்:

மூவருக்கும் நன்றி. ஐந்து நாட்களாகக் கடையில் உள்ள பொருட்களின் விலைச் சீட்டுக்குப் பின்னால் 'லு', 'லா' சேர்த்துப் பெயர் எழுதி வருகிறேன். 'மாலைகள் இல்லை' என்பதற்கு 'ஜு நே பா தே கொலியே' என்றும், 'இவை முத்துகள் அல்ல' என்பதற்குச் 'சு நு சோங் பா தே பெர்ல்' என்றும் சொல்லலாமா? செயலி முதலாவதைத் தவறு என்கிறது, இரண்டாவதைச் சரி என்கிறது. காரணம் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை:

காரணம் உங்கள் தமிழிலேயே இருக்கிறது, தம்பி. முதல் வாக்கியத்தில் 'இல்லை' என்கிறீர்கள், இரண்டாவதில் 'அல்ல' என்கிறீர்கள். பொருள் கையில் இல்லை என்னும்போது 'அங்', 'யூன்', அவற்றின் பன்மையான 'தே' மூன்றும் 'து' என்று மாறிவிடும்: 'ஜு நே பா து கொலியே'. இன்னது அல்ல என்று மறுக்கும்போது 'தே' அப்படியே நிற்கும். அடுத்து, 'பெரிய சங்கு இல்லை, சிறியது இருக்கிறது' என்பதை எழுதி அனுப்புங்கள். சங்கு பெண்பால் என்பதால் பெரியதும் சிறியதும் அதற்கேற்ப மாற வேண்டும்.