வெளிநாட்டுச் சிறு விமான நிறுவனங்களில் விமானி வேலை கேட்டுப் போனவர்கள்: உங்களுக்கு நடந்தது என்ன?

நெல்லைச்சீமை:

இந்தோனேசியாவின் கிழக்கு முனையில் மலைகள் நிறைந்த பாப்புவாவில், கேரவன் என்ற சிறு விமானம் ஓட்டும் வேலைக்காக அந்நாடு வரை போய்ப் பார்த்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். ஆகவே சி.பி.எல். என்ற வணிக விமானி லைசென்ஸ், இருநூறு மணி நேரப் பறப்பு, ஊரில் வேலையில்லை என்ற பழைய பல்லவியை நான் பாடப் போவதில்லை. ஏர்பஸ் விமானம் ஓட்டத் தேவையான டைப் ரேட்டிங் என்ற தனித் தகுதிக்குக் கட்டப் பணம் இல்லை; குறைந்த மணி நேரக்காரர்களையும் துணை விமானியின் வலது இருக்கைக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஜாவாவுக்குப் போனேன். முன்கதை அவ்வளவுதான்.

நேர்முகத் தேர்வு சரக்குக் கிடங்கை ஒட்டிய ஓர் அறையில் நடந்தது. வாசலில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசு. தலைமை விமானிக்கு ஐம்பது வயது இருக்கும், ஐரோப்பியர். பறந்த மணி நேரத்தை எழுதி வைக்கும் லாக்புக்கை நீட்டினேன்; அவர் வாங்கவே இல்லை. "ஷூவோடு ஏறுங்கள். தோள்பையையும் மாட்டிக்கொள்ளுங்கள்" என்றார். முள் நிற்கும் வரை காத்திருந்து, சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் என் பெயருக்கு நேரே 94 என்று எழுதினார். எனக்கு மேலே இருந்த நார்வேக்காரருக்கு 78. அதற்கும் மேலே பாண்டுங் பெண் ஒருத்திக்கு 55.

"உங்கள் இடத்தில் அந்தப் பெண் உட்கார்ந்தால் ஒரு நடைக்கு எத்தனை கிலோ அரிசி கூடுதலாக மேலே போகும்?"

39 என்றேன். "மலையில் அரிசி என்ன விலை விற்கிறது?" என்று அடுத்த கேள்வி. தெரியாது என்றேன். தலையாட்டிவிட்டு, அதன் பிறகுதான் லாக்புக்கைத் திறந்தார். வேலை கிடைக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. இப்போது வேறோர் இடத்தில் நல்ல வேலையில் இருக்கிறேன், சம்பளமும் குறைவில்லை. ஆனாலும் என்னைத் தள்ளியது 94-ஆ, அரிசி விலையா என்பதுதான் இன்றைக்கும் பிடிபடவில்லை.

ஈப்போ மணி:

எடையாக இருக்காது, நண்பரே. 94 கிலோவுக்கு மேல் இருக்கும் விமானிகள் அங்கே பறக்கிறார்கள். எனக்கே ஒருவரைத் தெரியும். அவர் சோதித்தது வேறு. உள்பாப்புவாவில் பல ஊர்களுக்குச் சாலை கிடையாது. அரிசி, நூடுல்ஸ், டீசல், கூரைத் தகடு எல்லாம் விமானத்தில்தான் போக வேண்டும். ஓடுபாதையின் ஒரு முனையில் மலைச்சுவர் நிற்கும். சரிவில் ஏறுமுகமாக இறங்கி, இறங்குமுகமாகக் கிளம்ப வேண்டும். ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாண்டிவிட்டால், வேண்டாம் என்று மறுபடி மேலே தூக்க முடியாது. மதியத்துக்குள் பள்ளத்தாக்கை மேகம் அடைத்துக்கொள்ளும் என்பதால் விடியும்போதே முதல் நடை. அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு கிலோவையும் நினைப்பவன்தான் வேண்டும். நீங்கள் கணக்கைச் சரியாகப் போட்டீர்கள்; விலையைத்தான் விசாரித்து வரவில்லை.

என் கதைக்கு வருகிறேன். கோலாலம்பூருக்கு அருகே சுபாங்கில், ஏ.டி.ஆர். என்ற சிறு பயணிகள் விமானத்தில் துணை விமானியாக இருந்தேன். 2020-இல் வேலை போயிற்று. கோவிட் அடங்கி மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கியபோது, பக்கத்து நாடு ஒன்றில் சிமுலேட்டர் தேர்வுக்கு அழைத்தார்கள். இந்தியர், பிலிப்பினோ, மலேசியர் எல்லாரும் ஹோட்டல் வரவேற்பறையில் காத்திருந்தோம். எங்களோடு கராச்சிக்காரக் கேப்டன் ஒருவர். எங்கள் எல்லாருடைய மணி நேரத்தையும் கூட்டினாலும் அவருடையதை எட்டாது.

2020 மே மாதம் கராச்சியில் ஏ320 விழுந்ததும், ஜூன் மாதம் அந்நாட்டு விமானத் துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து, 860 விமானிகளில் 262 பேரின் லைசென்ஸ் சந்தேகத்துக்குரியது என்று அறிவித்ததும் உங்களுக்குத் தெரிந்ததே. வியட்நாம் தன்னிடம் இருந்த பாகிஸ்தானிய விமானிகளை உடனே தரையிறக்கியது, மலேசியாவும் நிறுத்தியது. பெரும்பாலான லைசென்ஸ்கள் உண்மையானவையே என்று அவர்களுடைய விமானப் போக்குவரத்து அமைப்பு பின்னர் சொன்னது. அதை யார் காதில் வாங்கினார்கள்?

அந்தக் கேப்டன் தன் பயோடேட்டாவை எடுக்கவில்லை. பிளாஸ்டிக் உறையிட்ட கடிதம் ஒன்றைத்தான் முதலில் மேஜைமேல் வைத்தார். அவருடைய லைசென்ஸ் சரியானது என்று சொல்லும் சான்றுக் கடிதம். மூலைகள் வெளுத்துப் போயிருந்தன. தேர்வாளர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இதை நாங்கள் தனியாக விசாரிக்க வேண்டும், நாளை வாருங்கள்" என்றார். அடுத்த நாள் நாங்கள் சிமுலேட்டருக்குப் போனோம். அவர் வரவில்லை. என்னை எடுத்துக்கொண்டார்கள். கேப்டனின் இடது இருக்கையில் இருந்து யாராவது அழகாக இறக்கும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது.

கணக்கர் சிவம்:

நான் விமானி அல்லன். மகன் விமானி. வங்கியில் முப்பது ஆண்டு கடன் பிரிவில் இருந்தவன்.

சென்னையில் ஒரு ஹோட்டலில் ஏஜெண்ட் ஒருவரைப் பார்க்கப் போனோம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் 500 மணி நேரம் லைன் டிரெயினிங் என்றார். அதாவது என் மகன் பயணிகளை ஏற்றிக்கொண்டு விமானம் ஓட்டுவான். அதற்கு நாங்கள் பணம் கொடுக்க வேண்டும். "முன்பணத்துக்கு ரசீது தருவீர்களா?" என்று கேட்டேன். சட்டைப் பையில் கைவிட்டு விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்துத் தந்தார். மகனின் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. அந்தக் கார்டு இன்னும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

இனி தம்பிமார்களுக்குச் சில விஷயங்கள். கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். வீட்டை அடமானம் வைத்து டைப் ரேட்டிங் எடுக்காதீர்கள். வேலைக் கடிதம் கையில் வந்த பிறகு யோசியுங்கள். பாண்டு கையெழுத்து என்றால் எத்தனை ஆண்டு, நடுவில் நிறுவனமே மூடினால் யார் பொறுப்பு என்ற வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் அந்த வரி இருக்காது. அசல் சான்றிதழ்களை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும். விசா வேலை விசாவா, சுற்றுலா விசாவா என்பதை விமானம் ஏறுவதற்கு முன் பாருங்கள், இறங்கிய பிறகு அல்ல. சம்பளம் எந்த நாணயத்தில், எந்த நாட்டு வங்கியில் விழும் என்று கேளுங்கள். மருத்துவத் தகுதி போய்விட்டால் கடனை அடைக்க லைசென்ஸ் இழப்புக் காப்பீடு எடுங்கள். பிரீமியம் அதிகம் என்று மூக்கைச் சுளிக்காதீர்கள். அந்த நாட்டு விமானத் துறை உங்கள் லைசென்ஸைச் சரிபார்க்க இங்கே நம் விமானத் துறை ஆணையமான டி.ஜி.சி.ஏ.வுக்கு எழுதும். அந்தப் பதில் போவதற்கு ஆகும் காலம் வரை சாப்பாட்டுக்குப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லைச்சீமைத் தம்பி, பாப்புவாவில் வேலை கிடைக்காததற்கு நீங்கள் கோயிலில் தேங்காய் உடைக்க வேண்டும். நியூசிலாந்து விமானி பிலிப் மெர்டன்ஸ் 2023 பிப்ரவரி 7 அன்று நடுகா மாவட்டம் பாரோவில் இறங்கினார். தனிநாடு கேட்கும் கிளர்ச்சியாளர்கள் விமானத்தை எரித்துவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். விடுதலையானது 2024 செப்டம்பர் 21. அதற்கு முந்தைய மாதம் இன்னொரு நியூசிலாந்துக்காரர், ஹெலிகாப்டர் விமானி, அலாமாவில் கொல்லப்பட்டார். வீட்டில் பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

நெல்லைச்சீமை:

ஐயா, நான் போனது அதற்கெல்லாம் முன்பு. மேலும், ஆபத்து இருக்கிறதா என்று நான் கேட்கவில்லையே.

யாழ்-மெல்பர்ன்:

மணி நேரத்தை வைத்து ஆளை அளக்கிற பழக்கம் ஈப்போ மணி அண்ணைக்கும் இருக்கிறது போலத் தெரிகிறது. அந்தக் கராச்சிக் கேப்டனுக்கு நடந்தது அநியாயம்தான், ஆனால் அவருக்கு மணி நேரம் அதிகம் என்பதால் மட்டும் அது அநியாயமாகிவிடாது.

நான் ஆஸ்திரேலியக் குடியுரிமை உள்ளவன். எங்களுக்கு மட்டும் அமெரிக்கா ஈ-3 என்று ஒரு விசா வைத்திருக்கிறது, 2005-இல் வந்தது. அங்குள்ள பிராந்திய விமான நிறுவனங்களுக்கு ஆள் பஞ்சம் வந்தபோது ஆஸ்திரேலிய விமானிகள் அந்த வழியாகப் போனார்கள், நானும் போனேன். ஆள் பஞ்சத்துக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு வேண்டும் என்ற விதி. 2009 பிப்ரவரியில் பஃபலோவுக்கு அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்த பின் எழுந்த கூச்சலில் பிறந்து, 2013-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த விமானத்தில் இருந்த இருவருக்கும் 1,500-க்கு மேலேயே இருந்தது! வேகம் குறைந்து, கட்டுப்பாட்டுத் தடி நடுங்கி எச்சரித்தபோது, மூக்கைத் தாழ்த்த வேண்டிய நேரத்தில் கேப்டன் பின்னால் இழுத்தார். அதற்கு மணி நேர எண்ணிக்கை என்ன மருந்து?

என்னுடைய 1,500 எங்கே சேர்ந்தது என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் வடமேற்கே குனுனுராவில். சின்னச் செஸ்னாவில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி, பங்கிள் பங்கிள் பாறைகளைச் சுற்றிக் காட்டுவது. விமானத்துக்குள் அடுப்பங்கரை வெப்பம். குளிர் என்றால் என்னவென்றே அந்த லாக்புக்குக்குத் தெரியாது.

நேர்முகத் தேர்வில் வயதான பெண் கேப்டன் ஒருவர் என் லாக்புக்கைப் புரட்டிவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்: "இறக்கையில் பனிக்கட்டி ஒட்டி எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?" இல்லை என்றேன். "நான் உங்களை எடுக்கிறேன். ஆனால் முதல் குளிர்காலத்தில், எதுவும் தெரியும் என்று நினைக்காதீர்கள்" என்றார்.

முதல் டிசம்பரில், விடிவதற்கு முன், விமானத்தின் மேலே லாரியில் இருந்து சூடான ஆரஞ்சு நிறத் திரவத்தைப் பீய்ச்சினார்கள். பிறகு கூழ் போலப் பச்சை நிறத்தில் இன்னொன்று. கண்ணாடியில் அது வழிந்து, வெளியே ஒன்றுமே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார். அந்தப் பச்சை எத்தனை நிமிடம் தாங்கும் என்பது பனி பெய்கிற அளவைப் பொறுத்தது. தாண்டினால் திரும்பி வந்து மறுபடி குளிப்பாட்ட வேண்டும். எனக்கு வாய் வறண்டது. 1,500 மணி நேரமும் அந்தக் கண்ணாடிக்கு வெளியே எங்கோ நின்றுகொண்டிருந்தது.

ஈப்போ மணி:

நான் மணி நேரத்தைப் பெருமையாகச் சொல்லவில்லை, தம்பி. என் பதிவை மறுபடி படியுங்கள். அவருக்குச் சிமுலேட்டரில் காட்டும் வாய்ப்பே தரவில்லை என்பதுதான் என் வருத்தம். உங்களுக்குப் பனி தெரியாது என்று தெரிந்தும் எடுத்தார்கள். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தும் கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்தார்கள்.

முத்துநகர் மீனா:

ஆண்கள் சண்டை முடிந்ததா? என் பங்குக்கு மாலத்தீவு.

தூத்துக்குடியில் இருந்து மாலேவுக்குச் சரக்குத் தோணி போவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அப்பா விசைப்படகு வைத்திருக்கிறார். ட்வின் ஆட்டர் நீர்விமானத்தில் துணை விமானி வேலை கேட்டுப் போனேன். அங்கே விமானிகள் வெறுங்காலோடும் அரைக்கால் சட்டையோடும்தான் பறக்கிறார்கள். இருட்டினால் தொழில் முடிந்தது. என்னைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு ஒரு தீவுக்குப் போனார்கள். மிதவை மேடையை ஒட்டி நின்றதும், கேப்டன் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்து, "உனக்கு இது தெரியுமா?" என்று கயிற்றைக் காட்டினார். மிதவைமேல் இறங்கி, ஒரு கையால் இறக்கைத் தாங்கியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கயிற்றை மேடைக் கொக்கியில் சுற்றி, அப்பா படகுக்குப் போடுகிற முடிச்சையே போட்டேன். அலை இழுத்தது, முடிச்சு அசையவில்லை. கேப்டன் கைதட்டினார்.

மாலேவுக்குத் திரும்பியதும் அலுவலகத்தில் சொன்னார்கள்: துணை விமானி இடங்களை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். அதில் எனக்குக் குறை இல்லை, அவர்கள் கடல், அவர்கள் வேலை. ஆனால் அடுத்த வாக்கியம்: "கயிறு நன்றாகக் கட்டுகிறாய் என்று கேப்டன் சொன்னார். கேபின் ஊழியராகச் சேர்ந்துகொள்கிறாயா?" கமர்ஷியல் லைசென்ஸ் மேஜைமேல் திறந்தபடி இருந்தது.

கணக்கர் சிவம்:

மகளே, ஓராண்டு கேபினில் இருந்தால் பிறகு விமானி இடத்துக்குப் பரிசீலிப்போம் என்று எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். உள்ளே நுழைந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முத்துநகர் மீனா:

கேட்டேன், ஐயா. அதை எழுதித் தருகிற வழக்கம் இல்லை என்றார்கள். அப்படியானால் அந்தக் கேப்டனிடம் கயிறு கட்டத் தெரியுமா என்றும் தேர்வு வைத்தீர்களா என்று கேட்டுவிட்டு வந்தேன்.