வீட்டில் டிபிஎன் (ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் முழு ஊட்டச்சத்து) போட்டுக்கொள்பவர்கள்: அனுபவப் பகிர்வு

மதுரையிலிருந்து, கணவரைப் பார்த்துக்கொள்பவர்:

குடலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்து அவருடைய சிறுகுடல் அழுகிவிட்டது. ஆறு மீட்டர் இருக்கவேண்டியதில் மிஞ்சியது 70 செ.மீ. "சாப்பாடு எப்ப குடுக்கலாம் சார்?" என்றுதான் அன்றைக்கு டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

இரண்டு வருஷமாக ராத்திரி எட்டு மணிக்கு டிபிஎன் பை மாட்டி, காலையில் கழற்றுகிறோம். மூன்று அறை உள்ள பை: குளுக்கோஸ், அமினோ அமிலம், பால் மாதிரிக் கொழுப்பு. மேசையில் வைத்துப் பாய் சுருட்டுவதுபோல் மேலிருந்து சுருட்டி அழுத்தினால் தடுப்பு விட்டுக்கொடுக்கும், மூன்றும் கலந்து வெள்ளையாகிவிடும். ஃபேனை நிறுத்தி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அவர் மார்பில் வைத்திருக்கும் குழாயின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் 15 விநாடி தேய்த்துக் காயவிட்ட பிறகுதான் மாட்டுவேன். அவசரம் என்று ஒரு நாளும் இதை விடுவதில்லை.

அப்படியும் போன ஆடியில், பை ஓட ஆரம்பித்த அரை மணியில் அவருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துப் போர்வை போர்த்தி, பாரசிட்டமால் கொடுத்துவிட்டேன். குழாயில் கிருமி சேர்ந்து ரத்தத்தில் கலந்திருக்கிறது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. மார்பிலிருந்த குழாயை எடுத்துவிட்டு மறுபக்கம் புதிதாக வைத்தார்கள். பை ஓடும்போது குளிர்நடுக்கம் வந்தால் உடனே பம்பை நிறுத்திவிட்டுக் கிளம்பிவிடுங்கள். "சென்ட்ரல் லைன் இருக்கு, குழாயிலும் கையிலும் ரெண்டு இடத்திலயும் கல்ச்சர் எடுங்க" என்று டூட்டி டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். சென்ட்ரல் லைன் என்பது இந்த மார்புக் குழாய்தான்; கல்ச்சர் என்றால் ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது. எல்லா டாக்டருக்கும் இது பழக்கமில்லை.

திருச்சியிலிருந்து, ஸ்டோமா (குடலை வயிற்றின் வெளியே திறந்துவிட்ட வழி) உள்ளவர்:

அக்கா, எனக்குத் தாகம்தான் பெரிய கொடுமை. தண்ணீர் குடிக்கக் குடிக்க, ஸ்டோமா பையில் அதைவிட அதிகமாகக் கொட்டும். இளநீர், ஜூஸ் குடித்தால் இன்னும் மோசம். உப்பில்லாத தண்ணீர் உடம்பிலிருக்கும் உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறது என்று டயட்டீசியன் விளக்கியபோது அழுகையே வந்தது. அத்தனை மாதம் நானேதான் என்னை வற்ற வைத்திருக்கிறேன். இப்போது வெறும் தண்ணீர் ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான். ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் கரைத்து, வாய் வாயாகக் குடிக்கிறேன். அளவை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதுரை:

தம்பி, அவருக்கு ஸ்டோமா இல்லை, மிஞ்சிய சிறுகுடலைப் பெருங்குடலோடு சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் தினமும் இளநீர் கேட்கிறார், நானும் வாங்கிக் கொடுக்கிறேன். நாளைக்கே டயட்டீசியனிடம் கேட்டுவிடுகிறேன்.